எட்டே முக்காலுக்குச் சோறு

பதினோரு வருசத்துல நான் வெச்ச கொழம்பை ஒருத்தன் குறை சொன்னதில்லண்ணே. ஒருத்தன்கூட. ஷார்ஜாவுல எங்க கேம்ப்புக்கு வந்து, வீரசேகர் இருக்குற ரூம் எதுன்னு கேட்டுப் பாருங்க. மூணாவது மாடின்னு சொல்லமாட்டாங்க. வாசம் வர்ற பக்கமா ஏறிப் போம்பாங்க.

ஜன்னலைச் சாத்திக்கவா? உங்க மேல வெயிலடிக்குதே. இல்ல, சாத்துனாலும் புழுங்கும். திறந்தே கெடக்கட்டும்.

அறந்தாங்கியில ஏறும்போதே கண்டக்டர்கிட்ட, ஏர்போர்ட்டுல நிக்கும்ல, நிக்கும்லன்னு மூணு தடவை கேட்டுட்டேன். மனுசனுக்கு எரிச்சல். ஆமாண்ணே, திரும்ப ஷார்ஜாவுக்குத்தான். நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு பிளைட்டு. அதுக்கு இப்பவே எதுக்குப் போறேன்னு பாக்குறீங்க. போயி உக்காந்துக்கலாம்னுதான். வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு அங்க போயி உக்காந்திருக்கலாம். அதை விடுங்க.

நான் பாக்குறது பைப் வேலை. கட்டடத்துக்குத் தண்ணிக் குழாய் போடுறது. விடியறதுக்கு முன்னாடி வண்டி வந்து அள்ளிட்டுப் போவும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டாந்து கேம்ப்ல இறக்கி விடும். ரூமுல எட்டுப் பேரு. எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கதான். முறை வெச்சு சமைக்கணும்னு சட்டம். நான் எட்டுப் பேரு முறையையும் வாங்கிக்கிட்டேன். யாரும் என் தலையில கட்டல. நானா கேட்டு வாங்கினது. அவனுங்க எனக்குப் பதிலா ரூம் கூட்டுவானுங்க, பாத்ரூம் கழுவுவானுங்க. அடுப்படி எனக்கு.

சமையல்னா ஏனோதானோன்னு இல்லண்ணே. மொளகாயும் மல்லியும் மொட்டை மாடியில காய வெப்பேன். அன்னன்னைக்கு வறுத்து அன்னன்னைக்கு அரைக்கணும். மிக்ஸி சூடாயிரும், நிறுத்தி நிறுத்தி அரைக்கணும். சின்ன வெங்காயந்தான் உரிப்பேன், பெரிய வெங்காயம் பக்கமே போகமாட்டேன். தேங்காயைத் துருவி, பால் எடுத்து, ரெண்டாம் பால் எடுத்து, புளியை ஊற வெச்சுக் கரைச்சு… மத்தி மீனா இருந்தா ஒவ்வொண்ணா செதில் எடுக்கணும். ஆறரைக்கு அடுப்பு முன்னாடி நின்னேன்னா எட்டே முக்காலுக்குச் சோறு. கரெக்டா எட்டே முக்கால். பதினோரு வருசத்துல ஒரு நாள் முன்னப்பின்ன ஆனதில்ல.

நல்லாத்தானே போயிக்கிட்டு இருந்துச்சு? அந்தப் பய வர்ற வரைக்கும்.

அமல்ராஜுன்னு பேரு. மணப்பாறைப் பக்கம். இருபத்தாறு வயசு இருக்கும், கல்யாணமாகி ஆறு மாசத்துல வந்துட்டான். நல்ல பையந்தான், மரியாதையான பையன், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. போன வருசம் கடைசியில எனக்கு மூணு நாள் காய்ச்சல். எந்திரிக்க முடியல. அண்ணே நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனான். நான் மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். எங்க ரூமுக்கு நேரெதிரேதான் அடுப்படி. தாளிக்கிற சத்தம் வருமா, அரைக்கிற சத்தம் வருமான்னு பாக்குறேன். ஒரு சத்தமும் இல்ல. கத்திரிக்கோல் சத்தந்தான் வருது. சரக், சரக், சரக். என்னடா பண்றான் இவன், முடி வெட்டுறானான்னு நெனைக்கிறேன். எட்டிப் பாத்தா, பாக்கெட்டு வெட்டுறான்ணே! மீன் மசாலா ஒரு பாக்கெட்டு. நறுக்கி ஐஸ்ல போட்ட வெங்காயம் ஒரு பாக்கெட்டு. பூண்டும் இஞ்சியும் அரைச்சது ஒரு பாட்டில். தேங்காப்பால் டின்னு. எல்லாத்தையும் ஒரே சட்டியில கவுத்தான். அப்புறம் பரோட்டா, அதுவும் ஐஸ்ல வெச்சது, கல்லுல போட்டு எடுத்தான். இருபது நிமிசம். ஏழு மணிக்கு, அண்ணே சாப்பிட வாங்கங்கறான்.

எப்படி இருந்துச்சுன்னா கேக்குறீங்க? இருந்துச்சு. வாயில வெச்சா கொழம்பு மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்.

எனக்கு எது ஆத்திரம்னா, மத்தவனுங்க ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. வாய்க்குள்ள போட்டுட்டு, கைகழுவிட்டு, போனைத் தூக்கிக்கிட்டு வெளியில படிக்கட்டுக்குப் போயிட்டானுங்க. ஏழேகாலுக்கு ரூமே காலி. எட்டு மணி வரைக்கும் படிக்கட்டுல ஒரே பேச்சும் சிரிப்பும். ஒருத்தன் புள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறான். அமல்ராஜ் அவன் பொண்டாட்டிக்குத் தட்டைக் காட்டுறான், இந்தா பாரு என் சமையல்னு. கத்திரிக்கோல் சமையல். அதுக்குப் பெருமை வேற.

மூணு நாள்தான். நாலாம் நாள் நான் எந்திரிச்சு வெங்காயத்தை எடுத்தா, கலியபெருமாள் அண்ணன் வந்து பக்கத்துல நிக்கிறாரு. ரூமுல மூத்தவரு அவருதான், மன்னார்குடிக்காரரு. அவரு சொல்றாரு, "வீரா, உன் கைக்கு ஈடு கிடையாதுடா. ஆனா ஒண்ணு. எட்டே முக்காலுக்கு நாம சாப்பிட உக்காந்தா ஊருல பத்தேகால். என் பேரன் தூங்கிர்றான். இந்த மூணு நாளாத்தான்டா அவன் முழிச்சிருக்கும்போது பாத்தேன். லீவு நாளுல நீ செய்யி, மத்த நாளு இவன் செய்யட்டும்."

பாத்தீங்களா? நம்ம ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் இருந்தா அதுக்கு நானா பொறுப்பு? கொழம்புக்குத் தெரியுமா ஊருல என்ன மணின்னு? கேட்டேன். அப்படியே கேட்டேன். அவரு என் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டாரு. மத்த ஆறு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறானுங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு, எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கானுங்கன்னு.

என்ன, இங்க நிப்பாட்டிட்டான்? ஆளே இல்லையே. ஓ, ரயில்வே கேட்டா. சரி.

அப்புறம் எனக்கு சாயங்காலம்னு ஒண்ணு வந்துச்சுண்ணே. அது வரைக்கும் எனக்கு சாயங்காலமே கிடையாது. ஆறு மணிக்கு இறங்குவேன், குளிப்பேன், ஆறரைக்கு… என்ன செய்ய? கேம்ப்பைச் சுத்தி நடந்தேன். காம்பவுண்டு ஓரமா ஒரு சுத்து, ரெண்டு சுத்து. வாட்ச்மேன், என்ன பாய், ஏதாச்சும் தொலைச்சிட்டியான்னு இந்தியில கேட்டான். வந்து படுத்தேன். எந்திரிச்சேன். துவைச்ச சட்டையவே திரும்பத் துவைச்சேன். அமல்ராஜ் பாத்துட்டு, "அண்ணே, வீட்டுக்குப் பேசுங்களேன்"னான்.

வாரத்துக்கு ஒரு தடவை லீவு நாளுல பேசிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். பேசாத ஆளு இல்ல. முதல் வருசமெல்லாம் தினம் பேசுவேன். அப்ப எம் பொண்ணு கோபிகாவுக்கு மூணு வயசு. போன்ல என் குரலைக் கேட்டதும் வாசலுக்கு ஓடிப் போயி என்னைத் தேடுமாம், எம் பொண்டாட்டி வாசுகி சொல்லுவா. சொல்லிட்டு அழுவா. போனை வெச்சதுக்கப்புறம் எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். சோத்தை அப்படியே மூடி வெச்சிட்டு உக்காந்திருப்பேன். அப்பத்தான் ரூமுல சமையலை நான் எடுத்துக்கிட்டேன். கைக்கு வேலை இருந்தா மத்தது ஒண்ணும் தெரியாது பாருங்க. அது கெடக்கட்டும், அது பழைய கதை.

எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங். பேசுங்களேன்னான். பேசினேன். வாசுகி எடுத்ததும், "என்னங்க, என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"ங்கறா. வார நாளுல நான் கூப்பிட்டதே இல்லையே, பயந்துட்டா. ஒண்ணுமில்ல, சும்மாதான்னேன். சும்மாவான்னா. ஆமான்னேன். என்ன கொழம்புன்னு கேட்டேன். சாம்பார்னா. தூள் வீட்டுல அரைச்சதான்னேன். இல்லங்க, பாக்கெட்டுன்னா. இட்லிக்கு மாவு? அதுவும் பாக்கெட்டு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? இங்க ஒருத்தன் பாக்கெட்டு வெட்டுறான்னு புலம்பிக்கிட்டு இருக்கேன், எவ்வளவோ கடல் தாண்டி எங்க வீட்டுலயும் கத்திரிக்கோல்! சத்தம் போட்டேன். மறுநாளும் கூப்பிட்டேன். என்ன கொழம்புன்னு கேட்டேன். அதுக்கடுத்த நாளும். புள்ளைகிட்ட குடுப்பா. "அப்பா, சாப்பிட்டீங்களா?"ங்கும். சாப்பிட்டேம்மா, நீ? "சாப்பிட்டேன்ப்பா." அவ்வளவுதான். படிக்கட்டுல சுத்தி எல்லாவனும் மணிக்கணக்காப் பேசுறானுங்க. அப்படி என்னதான் இருக்குமோ பேசறதுக்கு.

லீவு வாங்கினேன். ரெண்டு மாசம். இன்னும் ஆறு மாசம் கழிச்சுத்தான் என் முறை, கெஞ்சிக் கேட்டு முன்னாடியே வாங்கினேன். வீட்டைச் சரி பண்ணிப்புடணும்னு ஒரே வெறி. வளர்ற புள்ள, பத்தாவது படிக்குது, பாக்கெட்டுல சாப்பிட்டு உடம்பு என்னத்துக்கு ஆவும்?

வாசுகி ஒரு மெடிக்கல் ஸ்டோர்ல வேலை பாக்குறா. ஒரு வருசமாச்சு. வேலைக்குப் போறான்னு தெரியும், காலையில எட்டரைக்குப் போயி ராத்திரி ஏழரைக்கு வர்றான்னு எனக்கு வந்து பாத்தாத்தான் தெரியுது. சரி, அவளைக் குத்தம் சொல்லல. அடுப்படியை நான் எடுத்துக்கிட்டேன். நீ தொடாத, நான் பாத்துக்கறேன்னேன். பாக்கெட்டு அத்தனையும் எடுத்து எதிர்வீட்டுல குடுத்தேன். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, மாவாட்டி, இடியாப்பம் புழிஞ்சு, தேங்காப்பால் எடுத்து… பத்து நாளு ராஜா வீட்டுச் சாப்பாடு. வாசுகியே சொன்னா, நல்லா இருக்குங்கன்னு. கடையில டிபன் பாக்ஸைத் திறந்தா எல்லாரும் சுத்தி வந்து நிக்கறாளுவளாம்.

அப்புறந்தாண்ணே ஒண்ணைக் கவனிச்சேன். நான் வர்றதுக்கு முன்னாடி, காலையில இட்லி வேகுற நேரம் அம்மாவும் பொண்ணும் அடுப்படித் தரையில உக்காந்துதான் பேசுவாங்களாம். இவ தலை பின்னி விடுவா, அது பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுமாம். எதிர்வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும். இப்ப அடுப்படியில நான் இருக்கேனா, ரெண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போயிட்டாங்க. நான் இங்க புழிஞ்சுக்கிட்டு நிக்கிறேன், மேல சிரிப்புச் சத்தம் கேக்குது. அப்படி ஒரு சிரிப்பு. என்னன்னு தெரியல. நான் தேங்காயைத் துருவுறதை நிறுத்திட்டுக் கேப்பேன். வார்த்தை காதுல விழாது, சிரிப்பு மட்டும் விழும். டிபன் ரெடின்னு குரல் குடுப்பேன். இறங்கி வருவாங்க. வந்ததும் ரெண்டு பேரும் கம்முனு சாப்பிடுவாங்க. மரியாதை. என் மேல ரெண்டு பேருக்கும் ரொம்ப மரியாதைண்ணே.

புதுக்கோட்டை வந்துருச்சு. டீ குடிக்க இறங்குறீங்களா? இல்லையா. நானும் இறங்கல. இறங்கினா மனசு ஒரு மாதிரி இருக்கும். இங்கேருந்து திரும்ப அறந்தாங்கி பஸ் இருக்கு பாருங்க, அதோ, அது நம்ம ஊரு வண்டிதான். சரி, விடுங்க.

போன வாரம் சனிக்கிழமை. கோபிகா எறிபந்து ஆடும். பள்ளிக்கூட டீமுல இருக்கு, எனக்குத் தெரியாது. ஆலங்குடியில மேட்ச்சு. முந்தின நாள் சாயங்காலம் வந்து என் முன்னாடி நிக்குது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, ஹெட்மாஸ்டர் முன்னாடி நிக்கிற மாதிரி. "அப்பா, நாளைக்குப் பத்து மணிக்கு மேட்ச். வர்றீங்களா?" வராம எங்க போவேன், கண்டிப்பா வர்றேம்மான்னு சொன்னேன். சொன்னேன்ல? சொன்னேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஆடிட்டு வர்ற புள்ள பசியோட வரும். அன்னைக்கு ஆட்டுக்கறி எடுத்து, எலும்புக்குத் தனியா ரசம், கோலா உருண்டை, எல்லாம் செஞ்சு வெச்சிறணும்னு ஒரு எண்ணம். கறியைக் கொத்த மிஷினுக்குக் குடுக்காம கையாலேயே கொத்தினேன். ஒன்பது மணிக்கு வாசுகி புடவையை மாத்திக்கிட்டு வந்து நிக்கிறா, போலாமான்னு. நீங்க போங்க, நான் கொழம்பை இறக்கி வெச்சிட்டுப் பின்னாடியே வந்துர்றேன்னேன். எலும்பு வேகல. முத்தின ஆடு. பத்தரை ஆச்சு, பதினொண்ணு ஆச்சு. அப்புறம் போயி என்ன பண்றது? உருண்டையைப் பொரிக்க ஆரம்பிச்சேன்.

நாலு மணிக்கு வந்தாங்க ரெண்டு பேரும். கையில கோப்பை. ஜெயிச்சிருக்கு! முகமெல்லாம் புழுதி, வேர்வை, ஒரே குதி. செருப்பைக்கூடக் கழட்டல. "அப்பா, அப்பா, கடைசிப் பாயிண்ட்டு நான்தான்ப்பா, அந்தப் பொண்ணு இப்படி போட்டுச்சா…"ன்னு கையைத் தூக்கிக் காட்டுது. நான் சொன்னேன், "கை கழுவிட்டு உக்காரு சாமி. ஆறிடும். அப்புறம் சொல்லு."

அது தப்பாண்ணே? காலையில இருந்து நின்னு செஞ்சது. ஆறிடாதா?

தூக்கின கையை இறக்கிட்டு போயி கழுவிட்டு வந்து உக்காந்துச்சு. பள்ளிக்கூடத்துலயே தக்காளிச் சோறு பொட்டலம் வாங்கிக் குடுத்திருக்காங்க, வயிறு நெறைய சாப்பிட்டுத்தான் வந்திருக்கு. என்கிட்ட சொல்லல. நான் வெச்ச அத்தனையும் சாப்பிட்டுச்சு. ஒண்ணு மிச்சம் வெக்காம. நல்லா இருக்குப்பான்னு சொல்லிச்சு. அந்தக் கடைசிப் பாயிண்ட்டை அதுக்கப்புறம் அது சொல்லவே இல்ல. நானும் கேக்கணும் கேக்கணும்னுதான் இருந்தேன்.

வாசுகி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சொல்றா, "அந்தப் புள்ள உங்களை மேட்ச்சுக்கு எப்படிக் கூப்பிடறதுன்னு ஒரு வாரமா என்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்துச்சு." எனக்குக் கோவம் வந்துருச்சு. நான் என்ன ஊர் சுத்தவா போனேன், அடுப்படியிலதானே நின்னேன்னேன். "ஆமாங்க. அங்கயும் அடுப்படியிலதான் நின்னீங்க"ன்னா. சத்தமா எல்லாம் சொல்லல. அவ சத்தமாப் பேசமாட்டா. இதுக்கு என்னண்ணே அர்த்தம்? சமைக்கிறவன் அடுப்படியில நிக்காம வேற எங்க நிப்பான்?

மறுநாள் காலையில நான் அடுப்படிக்குப் போகல. வேணும்னேதான். படுத்துக்கிட்டே இருந்தேன். பாத்தா, வாசுகி கடையில போயி மாவு வாங்கிட்டு வந்து இட்லி ஊத்திட்டா. ரெண்டு பேரும் பழையபடி தரையில உக்காந்து, தலை பின்னிக்கிட்டு, மெதுவாப் பேசிக்கிட்டு இருக்காங்க. சரி, நாமளும் போயி உக்காருவோம்னு எந்திரிச்சுப் போனேன். சத்தியமா உக்காரத்தான் போனேன். என்னைப் பாத்ததும் பேச்சு நின்னுபோச்சு. பாதி பின்னின சடையோட புள்ள எந்திரிச்சு நகந்து நிக்குது, "நீங்க வாங்கப்பா"ன்னு. அதுக்கு நான் சமைக்க வந்திருக்கேன்னு நெனைப்பு. வாசுகியும் எந்திரிச்சிட்டா. அந்தச் சின்ன அடுப்படியில மூணு பேரும் நிக்கிறோம். நான் தண்ணி குடிக்க வந்தேன்னேன். குடிச்சிட்டு வெளியில வந்துட்டேன்.

வாசல்ல நின்னுதான் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். லீவு இன்னும் பதினெட்டு நாள் இருக்கே வீரா, என்ன அவசரம்னு கேம்ப் மேனேஜர் கேட்டாரு. வந்துர்றேன் சார்னேன். வீட்டுல வந்து கம்பெனியில அவசரமாக் கூப்பிட்டுட்டாங்கன்னு சொன்னேன். வாசுகி என் முகத்தையே பாத்தா. "சரிங்க"ன்னா. துணி எடுத்து வைக்க ஆரம்பிச்சிட்டா. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இல்ல, சொல்லியிருந்தா மட்டும் நான் என்ன சொல்லியிருப்பேன்.

கீரனூரா இது? வேகமா வந்துட்டான்.

என்னண்ணே, சிரிக்கிறீங்க? ஓ, போனா. பேசுங்க பேசுங்க. நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கறேன்.

…

பொண்ணா? காதுல விழுந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருந்தா விழத்தானே செய்யும். பூனை குட்டி போட்டதையா இவ்வளவு நேரம் பேசினீங்க? கீரனூர்ல ஆரம்பிச்சு மாத்தூர் வந்துருச்சு. பூனை, அப்புறம் யாரோ பஸ்ஸுல செருப்பை விட்டுட்டது, அப்புறம் மறுபடியும் பூனை.

இன்னைக்குக் காலையில கோபிகா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சுண்ணே. வாசுகிக்குக் கடை, அவ வீட்டு வாசல்லயே அனுப்பிட்டா. இது பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில சைக்கிளை ஓரமா நிறுத்திட்டு, ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னுச்சு. "நிஜமாவே கம்பெனியில கூப்பிட்டாங்களாப்பா?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? கொஞ்ச நேரம் என் கையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பெல் அடிச்சிருக்கும், போம்மா, போம்மான்னேன். போகல. டிரைவர் ஏறி வண்டியை எடுக்கும்போது சொல்லுது, "நாலரைக்கு வீட்டுக்கு வந்துருவேன்ப்பா. அம்மாகிட்ட சொல்லிட்டேன், போன் எங்கிட்டத்தான் இருக்கும். ஏர்போர்ட்டுல இருந்து பேசுங்க."

ஏர்போர்ட்டு இதுதானா? கண்டக்டர், நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! இருங்க, பையை எடுத்துக்கறேன். கொஞ்சம் காலை நகத்திக்கங்கண்ணே.

அண்ணே, ஒண்ணே ஒண்ணு. இதோ இறங்கிடறேன் கண்டக்டர், ஒரு நிமிசம். நீங்க உங்க பொண்ணுகிட்ட பேசும்போது, போனை எடுத்த உடனே முதல்ல நீங்க என்ன சொல்வீங்க? அப்புறம் வர்றதெல்லாம் வேணாம், அந்த முதல் வார்த்தையை மட்டும் சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்கண்ணே.